பட்டில் பள்ளிச் சிறுமிகள் தைத்த படங்கள்: பெயர் ஒருத்தியுடையது, கை எத்தனை பேருடையது?

நூலிழை (இழையைத் தொடங்கியவர்)

வேலை நிமித்தமாக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒதுங்க இடம் தேடி ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அங்கேதான் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு கல்லறை மேடை, அதன்மேல் ஒரு கலசம், கிளைகள் தரையைத் தொடும் வில்லோ மரம், கலசத்தில் சாய்ந்து அழும் வெள்ளையாடைப் பெண். தொலைவிலிருந்து நீர்வண்ண ஓவியம் என்றே நினைத்தேன்.

கிட்டே போனால் அத்தனையும் நூல். பட்டுத் துணியில் பட்டு நூல். விளக்கு சாய்வாக விழுந்ததால், ஆடையின் மடிப்பு திரும்பும் இடமெல்லாம் ஒளியும் திரும்பியது. நூல் ஒரே வெள்ளைதான். தைத்த திசை மாறியதால் ஒரு பக்கம் பால் போலவும் மறுபக்கம் சாம்பல் பூத்தது போலவும் தெரிந்தது. நிழலுக்கு வேறு நிறம் தேடாமல், ஊசி போகும் திசையையே நிழலாக்கியிருக்கிறாள். காலடியில் புல் மட்டும் கம்பளிப்பூச்சி போலப் புசுபுசுவென்று எழும்பி நின்றது. அது செனீல் நூல். வானம், முகம், கைகள் மட்டும் நீர்வண்ணத் தூரிகை. படத்தைச் சுற்றிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசி, கீழே தங்க எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். 1790 முதல் 1830 வரை அமெரிக்கக் கிழக்குக் கரையில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. வாசிப்பு, கணக்கு, புவியியல் எல்லாம் முடித்த பிறகு, கடைசிக் கட்டமாக ஒரு பட்டுப் படம் தைப்பார்கள். அதற்குக் கட்டணம் தனி. படத்தைச் சட்டமிட்டு வீட்டு முன்னறையில், விருந்தாளி கண்ணில் படும் சுவரில் மாட்டுவார்கள். 1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் இறந்ததும் நாடே துக்கம் காத்தது. கலசமும் வில்லோவும் அழும் பெண்ணும் அப்போதுதான் பட்டில் வெள்ளமாகப் பெருகின. முதலில் வாஷிங்டனுக்கு, பிறகு தாத்தாவுக்கு, தம்பிக்கு, பெற்ற தாய்க்கு.

என் பக்கத்தில் நின்ற ஒருவர், “அச்சுப்படத்தைப் பார்த்துத் தைத்ததுதானே, பள்ளிக்கூடப் பாடம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தச் சொல் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணின் பல மாத உழைப்பைப் ‘பாடம்’ என்று ஒதுக்கிவிட முடியுமா? தையல் அறிந்தவர்கள், பழைய துணிகளோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்

நண்பரே, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனாலும் அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை அந்தப் பெண்கள் வரையவில்லை. பிலடெல்பியாவில் ஆன் எலிசபெத் ஃபோல்வெல் என்ற அம்மையார் தையல் பள்ளி நடத்தினார். அவர் கணவர் சாமுவேல் ஃபோல்வெல் ஓவியர். பட்டில் கோடு போட்டுத் தந்ததும் அவர்தான், முகமும் வானமும் தீட்டியதும் அவர்தான். அவர் தீட்டிய முகத்தைக் கண்களை வைத்தே அடையாளம் காண்கிறார்கள் இன்றைய அறிஞர்கள். 1813இல் அவர் இறந்த பிறகு மகன் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

பல படங்களுக்கு மூலம் லண்டன் அச்சுப்படங்கள். ஏஞ்சலிகா காஃப்மன் தீட்டியதை யாரோ செதுக்கி அச்சிட, அது கப்பலேறி வந்து இவர்கள் பட்டில் இறங்கியது. வடிவம் ஓவியருடையது, முகம் இன்னொருவருடையது, சட்டம் தச்சருடையது. இடையில் நிரப்பியது மட்டும் அந்தப் பெண். போதாததற்கு, பட்டும் கட்டணமும் கொடுக்கக்கூடிய வீட்டுப் பெண்களுக்குத்தான் இந்த வாய்ப்பு. ‘என் மகள் படித்தவள்’ என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டும் பத்திரம் அது.

தையலாசிரியை

முப்பத்திரண்டு ஆண்டுகள் பூத்தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். ‘இடையில் நிரப்பியது’ என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, தம்பி.

நூலிழை சொன்ன அந்த வெள்ளை ஆடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் போட்டுத் தருவது வெளிக்கோடு. மடிப்புக்கு இரண்டு மூன்று கோடுகள், அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் ஊசி எந்தத் திசையில் போக வேண்டும், எங்கே வளைய வேண்டும், ஒரு தையலின் நீளம் எவ்வளவு, எதுவும் அதில் இருக்காது. முழங்கால் மடங்கும் இடத்தில் தையலைச் சற்றே சாய்க்க வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் சாய்த்தால் முழங்கால் புடைத்துக்கொண்டு நிற்கும். சாய்க்காவிட்டால் ஆடைக்குள் உடம்பே இல்லாதது போலத் தட்டையாகிவிடும். ஆசிரியை அருகிலிருந்து சொல்லலாம். ஆனால் விரல் அந்தப் பெண்ணுடையது.

பட்டின் மேல் பட்டு தைப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. பருத்தியில் தப்புத் தையல் போட்டால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். மெல்லிய பட்டில் ஊசி ஏறிய துளை அப்படியே நிற்கும். இரண்டாம் முறை பிரித்தால் துணி கண் விட்டுவிடும். ஆகையால் ஒவ்வொரு குத்தும் முதல் முறையே சரியாக விழ வேண்டும். இலைக்கூட்டத்துக்கு முடிச்சுத் தையல் போட்டிருப்பார்கள். ஊசியில் நூலைச் சுற்றி இழுக்கும்போது எல்லா முடிச்சும் ஒரே அளவில் நிற்பதற்கு எத்தனை நாள் பழக வேண்டும் என்று என் மாணவிகளைக் கேட்டால் தெரியும். செனீலைத் துணிக்குள் இழுத்தால் அதன் மயிர் உதிர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் மேலே படுக்க வைத்து, வேறொரு மெல்லிய நூலால் இடையிடையே கட்டுவார்கள்.

வரைந்து கொடுத்த கோலத்தில் வண்ணப் பொடி தூவுவது போன்ற வேலை இல்லை இது.

நூலிழை

அம்மா, நெஞ்சு நிறைந்தது. நான் சொல்ல முடியாமல் தவித்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

மதுரைக்காரன் சொன்ன ஃபோல்வெல் படங்களைத்தான் என் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கப் போகிறேன். ஒரே பள்ளி, ஒரே ஓவியர், ஏறத்தாழ ஒரே வடிவம். அப்படிப்பட்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி தரையை நீண்ட தையலில் விறுவிறுவென்று முடித்திருப்பாள். இன்னொருத்தி மண் மேட்டையும் சிறுசிறு குத்தாகப் போட்டு, பச்சைக்குள் நாலு பச்சை வைத்திருப்பாள். முகங்கள் ஒரே அச்சு. மரங்கள் அப்படி இல்லை.

பள்ளிக்குப் பள்ளி கைவழக்கமும் வேறுபட்டது. ஹார்ட்ஃபோர்டில் பேட்டன் சகோதரிகளின் பள்ளிப் படங்களில், அலகில் பூச்சரம் கவ்விய கழுகொன்று மேலே பறக்கும். அதன் உடம்பைச் சரிகை நூலால் புடைப்பாக எழுப்பியிருப்பார்கள். சவுத் ஹேட்லியில் அபி ரைட் நடத்திய பள்ளியிலும் சரிகையும் ஜிகினாவும் மின்னும். பாஸ்டனை ஒட்டிய டார்செஸ்டரில் ஜூடித் சாண்டர்ஸ், கிளெமென்டினா பீச் இருவரும் 1803இல் தொடங்கிய பள்ளியின் படங்கள் அளவில் பெரியவை, முகங்கள் தேர்ந்த ஓவியனுடையவை. சட்டங்கள் பல ராக்ஸ்பரியில் இருந்த ஜான் டாகெட் கடையில் செய்தவை. அந்தப் பள்ளி உருவாகத் துணை நின்றவர் ஜூடித் சார்ஜன்ட் மரே. ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவு சமம் என்று 1790இலேயே கட்டுரை எழுதியவர். அவர் கைகொடுத்த பள்ளியிலும் பட்டுப் படம் தைத்தார்கள் என்றால், தையலையும் அறிவையும் எதிரெதிராக நிறுத்துவது நம் காலத்துப் பழக்கம் என்றே தோன்றுகிறது.

கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் சாரா பியர்ஸ் 1792இல் தொடங்கிய பள்ளியும் அப்படித்தான். வரலாறு, புவியியல் கண்டிப்பாக உண்டு. கூடவே பட்டுத் தையல். அடிமைமுறையை எதிர்த்து ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவல் எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ படித்தது அங்கேதான்.

கடல்புறா

புவியியல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் 1799இல் திறந்த வெஸ்ட்டவுன் பள்ளியில் மாணவிகள் பட்டில் உலக உருண்டை தைத்தார்கள்! பந்து போல உள்ளே அடைத்து, மேலே பட்டு போர்த்தி, அட்சரேகை தீர்க்கரேகைகளை நூலால் ஓட்டி, நாட்டின் பெயர்களை மையால் எழுதியிருக்கிறார்கள். ரேச்சல் கோப் என்ற மாணவி 1816இல் வீட்டுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இதைச் செய்வது பெரும்பாடுதான், ஆனாலும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும் என்று எழுதுகிறாள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த உருண்டையைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறேன்.

மதுரைக்காரன்

தையலாசிரியை அம்மா, ‘நிரப்பியது’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தவறு என்னுடையது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. இந்தத் துக்கப் படங்களில் சிலவற்றில் கல்லறை மேடை வெறுமையாக இருக்கிறது. பெயர் எழுத இடம் விட்டு, எழுதாமலே சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். சாவே நேராத வீட்டிலும் துக்கப் படம் தைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அப்படியானால் அந்தக் கண்ணீர் மெய்யா, நாகரிகமா?

நூலிழை

இரண்டும்தான் என்பேன். ஒப்பாரியின் அடிகள் ஊருக்கெல்லாம் பொது. அழுகிறவள் தன் தாயின் பெயரை அதில் வைத்துப் பாடும்போது அது பொய்யாகிவிடுமா? அந்தக் காலத்தில் பிள்ளைப்பேற்றிலும் காய்ச்சலிலும் சாவு வராத வீடு அரிது. வெற்று மேடையைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. பெயர் இன்னும் வரவில்லை, வந்தால் எழுத இடம் இருக்கிறது.

பழஞ்சட்டம்

பழைய துணிகளையும் சட்டமிட்ட தையல்களையும் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கை எத்தனை பேருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். விடை பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும்.

ஒருமுறை ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த படத்தின் முன்பக்கம் முழுக்கப் பழுப்பு. வில்லோ இலைகள் சருகு நிறம். சட்டத்தைக் கழற்றிப் பின்னால் திருப்பினேன். அங்கே அதே இலைகள் கிளிப்பச்சை. கல்லறையோரப் பூக்கள் ரோஜா நிறம். இருநூறு ஆண்டு வெளிச்சம் தின்றது முன்பக்கத்தை மட்டும்தான். அந்தப் பெண் கண்ணால் கண்ட படம் பின்னால் உயிரோடு இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஒரு மூலையில் முடிச்சுகள் சீராக, நூல் முனைகள் ஒழுங்காக அடக்கப்பட்டிருந்தன. மற்ற இடமெல்லாம் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குக் குறுக்கே தாவியிருந்தது. ஆசிரியை ஒரு மூலை தைத்துக் காட்டியிருப்பார், மிச்சத்தை மாணவி முடித்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். தண்ணீர் படவே கூடாது. முகமும் வானமும் நீர்வண்ணம், ஒரு துளி போதும். படத்துக்குப் பின்னால் அடித்திருக்கும் மரப்பலகையின் அமிலம் பட்டில் ஏறிப் பழுப்புக் கோடாக விழும். பட்டு தொய்ந்து கண்ணாடியில் உரசினால் இழை அறுபடும். தூரிகை பட்ட வானம்தான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது, ஏனென்றால் அங்கே தாங்கிப் பிடிக்கத் தையல் இல்லை. எனக்கு நெருங்கிய ஒருவர் வாங்கிய படத்தை ஒரு சட்டக் கடையில் கொடுத்தார். அவர்கள் ‘இறுக்கமாக நிற்கட்டும்’ என்று அட்டையில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள். ஆறே மாதத்தில் வானம் பாளம் பாளமாக வெடித்தது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பெயர் எழுதிய பழைய கறுப்புக் கண்ணாடி உரிகிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல படங்களில் அந்தப் பெண்ணின் பெயர் வேறெங்குமே இருக்காது.

கயல்

ஆசிரியையும் ஓவியரும் இல்லாமல் தன் வாழ்க்கையையே தைத்த ஒருத்தியைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லையே! ப்ரூடென்ஸ் பண்டர்சன். 1758இல் பிறந்தவர், கனெக்டிகட்டின் பிரஸ்டன் ஊர்க்காரர். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலத்தில் அவர் தந்தை பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றதால், குடும்பமே ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அந்தச் சமயத்தை ஒட்டி அவர் தைத்த பட்டுப் படம் இன்று ஹார்ட்ஃபோர்டில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனித வாழ்வின் முதல், இரண்டாம், இறுதிக் காட்சி என்ற பொருளில் அதற்குப் பெயர்.

ஒரே அறை. வலப்பக்கம் தொட்டிலில் குழந்தை. நடுவில் வட்ட மேசை முன் இளம்பெண், எழுதுகோலும் தாளுமாக. இடப்பக்கம் மேசைமேல் சவப்பெட்டி. மேலே கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருக்கிறார்கள். சவப்பெட்டியில் பொறித்திருப்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். மூன்றும் அவரே.

1783இல் திருமணம். 1784இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அவர் இறந்துபோனார். வயது 26. முதல் முறை இதைப் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை மூடிய அந்தத் துணியின் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தைத்திருக்கிறார். அவசரமே இல்லை அந்தத் தையலில்.

மதுரைக்காரன்

கயல் சொன்ன படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டிலை ஆட்டுவது யார் என்று கவனித்தீர்களா? ஒரு கறுப்பினச் சிறுமி. அந்த வீட்டின் அடிமை. ப்ரூடென்ஸின் மூன்று பருவங்களும் படத்தில் இருக்கின்றன. இந்தச் சிறுமிக்கு ஒரே பருவம், ஒரே வேலை. கனெக்டிகட் மாநிலம் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றியதும் 1784இல்தான். அதுவும் அதன்பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு, வளர்ந்து 25 வயதான பிறகு. ஏற்கெனவே பிறந்துவிட்ட இவளுக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

முதலில் பணமுள்ள வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்று மட்டும் எழுதினேன். இப்போது அதை மாற்றி எழுதுகிறேன். ப்ரூடென்ஸுக்குத் தைக்க நேரம் கிடைத்ததற்கு அந்தச் சிறுமியின் கையும் ஒரு காரணம். ‘கை எத்தனை பேருடையது’ என்ற கணக்கில் அவளையும் சேர்க்க வேண்டும்.

கயல்

சேர்க்கத்தான் வேண்டும். ப்ரூடென்ஸ் அவளைப் படத்தை விட்டு நீக்கவில்லை என்பதையும் நான் விட்டுவிட மாட்டேன். அக்காலப் பட்டுப் படங்களில் வீட்டில் உழைத்தவர்கள் தோன்றுவதே அபூர்வம். இவள் முகமும் கையும் நூலில் இருக்கின்றன. அந்த நூல்தான் இன்று நம்மை அவளைப் பற்றிப் பேச வைக்கிறது.

யாழ்வாசகி

பிரஸ்டன் என்ற பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த ஊர் நார்விச். யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ 1796இல் பிறந்தது அந்த நார்விச்சில்தான். இந்தப் பட்டுப் படங்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், அதே வட்டாரத்தில் வளர்ந்தவர். எங்கள் பாட்டிமார் வழிவழியாகப் படித்த பள்ளி அது. தமிழ், ஆங்கிலம், கணக்கோடு தையலும் அங்கே பாடமாக இருந்தது. ஹாரியட் அம்மையார் 1833இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவின் பெரிய தமிழ் அகராதி 1862இல் வெளியானது. அதை நாம் இன்றும் புரட்டுகிறோம்.

அவர் பட்டுப் படம் தைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பெண் பிள்ளை என்றால் எழுத்தும் வேண்டும், ஊசியும் வேண்டும் என்ற பள்ளி வழக்கம் அங்கிருந்து எங்கள் ஊர் வரை வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். என் அம்மம்மாவின் பள்ளித் தையல் துணி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இடப்பெயர்வில் போய்விட்டது. பழஞ்சட்டம் ஐயா பின்பக்கம் பற்றி எழுதியதைப் படித்தபோது, அதை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லையே என்று மனம் கனத்தது.

பழஞ்சட்டம்

மகளே, அந்தத் துணியில் என்ன நிறங்கள், எந்தப் பூ, எத்தனை வரி என்று நினைவிருப்பதை இன்றே எழுதி வையுங்கள். துணி போன பிறகு எழுத்துதான் மிஞ்சும்.

தையலாசிரியை

மூன்று நாள் கழித்து வருகிறேன். இந்தப் பேச்சுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. பீரோவில் இருந்த வெள்ளைப் பட்டில் ஒரு முழம் வெட்டி, சட்டத்தில் பூட்டி, நூலிழை சொன்ன வில்லோவை வரைந்துகொண்டேன். ஒற்றைப் பட்டு இழை. இரவு உணவுக்குப் பிறகு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரப்பான விரல் நுனியில் இழை சிக்கிச் சிக்கிப் பிய்ந்தது. சர்க்கரையையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து தேய்த்துக் கழுவிய பிறகுதான் இழை வழுக்கியது. தைக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளைகளைக் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. மதுரைக்காரத் தம்பி சொன்ன கணக்கு எனக்கு விரல் நுனியில் விளங்கியது.

இரண்டாம் நாள் ஒரு கிளை. மூன்றாம் நாள் இன்னும் ஒன்றரை. கிளை காற்றில் இடப்பக்கம் சாய்வதாக வரைந்திருந்தேன். தைக்கத் தைக்க அது வலப்பக்கம் சாய்ந்தது. ஏன் என்று தெரியவில்லை, கை அப்படிப் போனது. பிரித்தால் துணி கண் விடும். விட்டுவிட்டேன். மரத்தில் இன்னும் பதினோரு கிளைகள் இருக்கின்றன. முடித்ததும் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.